குடத்துள் எரிந்த விளக்கு: பிக் ஸ்டார் இசைக்குழுவின் வரலாறு

இசைத்தட்டு ஒன்று கேட்பவரின் செவியை அடைவதற்கு முன் பல கைகளைக் கடந்து வர வேண்டும். பாட்டு ஒருவர் உள்ளத்திற் பிறக்கிறது. பாடுவோரும் வாத்தியக்காரரும் அதற்கு உருவம் கொடுக்கின்றனர். ஒலிப்பதிவாளர் அதை நாடாவில் அடக்குகிறார். தொழிற்சாலை அதைத் தட்டாக வார்க்கிறது. விநியோகஸ்தர் அதைப் பெட்டியில் இட்டு ஊர்தோறும் அனுப்புகிறார். கடைக்காரர் அதை வாங்கித் தம் அடுக்கில் வைக்கிறார். வானொலி நிலையம் அதை ஒலிபரப்புகிறது. இவ்வளவும் ஒழுங்காக நடந்தால்தான், இன்று மாலை வானொலியில் ஒரு பாட்டைக் கேட்டு மகிழ்ந்தவர் நாளைக் காலையிற் கடைக்குச் சென்று அதனை விலைகொடுத்து வாங்க இயலும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்துபோனாலும், பாட்டு எவ்வளவு சிறந்ததாயினும், பாடியவரின் ஊர் எல்லையைத் தாண்டாமலே நின்றுவிடக்கூடும்.

இவ்வுண்மைக்கு அமெரிக்கப் பொப் இசை வரலாற்றில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் தெனசி மாநிலத்தில் உள்ள மெம்பிஸ் நகரில், 1971ஆம் ஆண்டில் இளைஞர் நால்வர் ஒரு குழுவை அமைத்தனர். தம் குழுவுக்கு 'பிக் ஸ்டார்', அஃதாவது பெரிய நட்சத்திரம், என்று பெயரிட்டனர். மூன்றே தட்டுகளைப் பதிவுசெய்துவிட்டு, நான்கு ஆண்டுகள் நிறைவதற்குள் அக்குழு கலைந்தது. அது வாழ்ந்த காலத்தில் அதன் தட்டுகளை வாங்கியவர் மிகச் சிலரே. ஆயினும், பின்வந்த இசைஞர் பலர் அக்குழுவைத் தம் ஆசான் என்று போற்றினர். வாழ்ந்தபோது கேளாத செவிகள் பின்னர் எவ்வாறு கேட்டன? இக்கேள்விக்கு விடை காண்பதே அக்குழுவின் வரலாற்றை அறிவதாகும்.

முதற்கண் அவர்களுடைய இசை எத்தகையது என்பதை நோக்குதல் வேண்டும். அது 'பவர் பொப்' என்னும் வகையைச் சார்ந்தது. இச்சொல்லை 1967ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் 'த ஹூ' குழுவைச் சேர்ந்த பீற் டவுன்ஷெண்ட் தம் குழுவின் இசையைக் குறிக்க வழங்கினார். பவர் என்பது வலிமை. பொப் என்பது மக்கள் விரும்பும் எளிய பாட்டு. மூன்று நிமிடத்துக்குள் அடங்கும் பாட்டு. ஒரு முறை கேட்டாலே மனத்தில் நிற்கும் மெட்டு. பல்லவிபோல் திரும்பத் திரும்ப வரும் ஓர் அடி. இரண்டு மூன்று குரல்கள் ஒன்றோடொன்று இழைந்து செல்லும் இனிமை: இவை பொப் இசையின் இலக்கணம். அதன்மேல் மின் கிற்றாரின் முழக்கமும் முரசின் உரத்த அடியும் ஏறும்போது பவர் பொப் பிறக்கிறது. இனிமை வலிமையை விழுங்காமலும், வலிமை இனிமையை அழிக்காமலும் இரண்டையும் நிறுத்திவைப்பதே இதன் நுட்பம். பீற்றில்ஸ், கிங்ஸ், பேர்ட்ஸ் முதலிய குழுக்கள் 1960களில் காட்டிய வழி இதுவே.

ஆனால் 1970களின் தொடக்கத்தில் றொக் இசையின் போக்கு மாறியிருந்தது. குறுகிய பாட்டைச் சிறுபிள்ளைகளின் விளையாட்டு என்று எண்ணும் மனப்பான்மை வளர்ந்தது. தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே பாட்டால் நிரப்புவதும், நெடுநேரம் கிற்றாரில் தனி ஆவர்த்தனம் செய்வதும் பெருமையாயின. அந்நாளில் மூன்று நிமிடப் பாட்டை நம்பி ஒரு குழுவை அமைப்பது காற்றை எதிர்த்துப் படகு செலுத்துவது போன்றதே.

மெம்பிஸ் நகரத்துக்கும் இவ்விசை அயலானதே. மிசிசிப்பி ஆற்றங்கரையில் அமைந்த அந்நகரம் கறுப்பின மக்களின் 'புளூஸ்' இசைக்குப் பெயர்பெற்றது. எல்விஸ் பிரெஸ்லி 1954இல் தம் முதல் தட்டைப் பதிவுசெய்தது அங்கேயுள்ள சன் ஒலிப்பதிவு நிலையத்திலேயாம். 1960களில் ஸ்டாக்ஸ் என்னும் கம்பெனி, ஓட்டிஸ் ரெடிங் முதலியோரின் 'சோல்' இசையால் அந்நகரின் புகழை உலகெங்கும் பரப்பியது. அத்தகைய நகரில் சில வெள்ளையின இளைஞர், தம் வீட்டு வாசலில் ஒலித்த இசையை விட்டு, அத்திலாந்திக் மாகடலுக்கு அப்பாலிருந்து வந்த ஆங்கிலேயக் குழுக்களின் பாட்டில் உள்ளத்தைப் பறிகொடுத்தனர்.

அவர்களுக்குப் புகலிடமாக விளங்கியது 'ஆர்டென்ட்' என்னும் ஒலிப்பதிவு நிலையம். அதன் அதிபர் ஜோன் பிறை. பள்ளிச் சிறுவராய் இருக்கும்போதே தம் வீட்டில் ஒலிப்பதிவுக் கருவிகளை அமைத்து, நண்பர் இருவருடன் சேர்ந்து தட்டு வெளியிட முயன்றவர் அவர். அந்நண்பருள் ஒருவர் பிரெட் சிமித். பிற்காலத்தில் பெடரல் எக்ஸ்பிரஸ் என்னும் விரைவுப் பொதிச் சேவையை நிறுவியவர் அவரே. பிறை 1966இல் தம் நிலையத்தைத் தொழில்முறையில் நடத்தத் தொடங்கினார். ஸ்டாக்ஸ் கம்பெனி தன் வேலைகள் மிகுந்தபோது அவற்றின் ஒரு பகுதியை ஆர்டென்ட்டுக்கு அனுப்பியது. பகலில் இவ்வாறு ஊதியம் ஈட்டிய அந்நிலையத்தைப் பிறை இரவில் இளைஞர்களுக்குத் திறந்துவிட்டார். ஒலிவாங்கியை எங்கே வைப்பது, குரலையும் வாத்தியத்தையும் எவ்வளவிற் கலப்பது என்பனவற்றை அவர்களுக்குக் கற்பித்து, கருவிகளையும் அவர்கள் கையிலேயே ஒப்படைத்தார்.

அவ்வாறு பயின்றவருள் முதன்மையானவர் கிறிஸ் பெல். 1951ஆம் ஆண்டிற் பிறந்த அவர் பீற்றில்ஸ் குழுவின் பக்தர் எனலாம். ஒரு குரலை ஐந்து முறை பதிவுசெய்தும் மனம் நிறைவடையாமல் ஆறாவது முறையும் பதிவுசெய்யும் இயல்பினர். அவருடன் அன்டி ஹமல் பாஸ் கிற்றாரும், ஜோடி ஸ்டீவன்ஸ் முரசும் வாசித்தனர். நான்காமவராக வந்து சேர்ந்தவர் அலெக்ஸ் சில்ற்றன்.

சில்ற்றன் புகழுக்குப் புதியவர் அல்லர். ஜாஸ் இசைஞர் ஒருவரின் மகனான அவர், தம் பதினாறாவது வயதில் 'பொக்ஸ் ரொப்ஸ்' குழுவின் முதற்பாடகரானார். அக்குழு பாடிய 'த லெற்றர்' என்ற பாட்டு 1967இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் நான்கு வாரம் முதலிடத்தில் நின்றது. இரண்டு நிமிடம்கூட ஓடாத பாட்டு அது. கேட்டவர், முதிர்ந்த ஆடவர் ஒருவர் பாடுவதாகவே எண்ணினர். ஆயினும், எந்தப் பாட்டைப் பாடுவது, எவ்வாறு பாடுவது என்பனவெல்லாம் பிறரால் முடிவுசெய்யப்பட்டன. இதனால் மனம் கசந்த சில்ற்றன் 1970இல் அக்குழுவை விட்டு நீங்கினார். இருபது வயதுக்குள் உச்சியைக் கண்டு, அங்கிருந்து தாமாகவே இறங்கி வந்தவர் அவர். இனித் தம் பாட்டைத் தாமே இயற்ற வேண்டும் என்னும் உறுதியுடன் பெல்லின் குழுவிற் சேர்ந்தார்.

குழுவின் பெயர் தோன்றிய விதமும் சுவையானது. ஒலிப்பதிவு நிலையத்தின் அண்மையில் ஒரு பலசரக்கு அங்காடி இருந்தது. அந்நாட்டின் தென்பகுதியில் பல கிளைகளைக் கொண்டிருந்த அவ்வங்காடியின் பெயரே பிக் ஸ்டார். பெயர்ப்பலகையைப் பார்த்த இளைஞர் அதையே தமக்குச் சூட்டிக்கொண்டனர். முதற்றட்டுக்கு 'நம்பர் வன் றெக்கோட்', அஃதாவது முதலிடம் பெற்ற தட்டு, என்று பெயரிட்டனர். விளையாட்டும் ஆசையும் கலந்த அப்பெயர்கள் பிற்காலத்தில் விதியின் ஏளனம் போல ஒலிக்கலாயின.

அத்தட்டு 1972ஆம் ஆண்டு வெளிவந்தது. பெல்லும் சில்ற்றனும் பாட்டுகளிற் பெரும்பாலானவற்றுக்குத் தம் இருவர் பெயரையும் சேர்த்தே இட்டனர். இருவர் குரலும் இருவகை. பெல்லின் குரல் மேல்ஸ்தாயியில் வெடித்து எழும். சில்ற்றனின் குரல் தணிந்து மென்மையாக ஒலிக்கும். 'தேர்ட்டீன்' என்ற பாட்டில் முரசு இல்லை. கிற்றாரின் மெல்லிய ஓசையும் குரல்களுமே உண்டு. பள்ளிப் பருவத்துச் சிறுவன் ஒருவனின் முதற்காதல் அதன் பொருள். பெரியவர் ஒருவர் பின்னோக்கிப் பார்த்துப் புன்னகை செய்வதாக அன்றி, அச்சிறுவனே தயங்கித் தயங்கிப் பேசுவதாக அது அமைந்திருக்கிறது. 'இன் த ஸ்ட்ரீற்' என்ற பாட்டோ, செய்வதற்கு ஒன்றும் இல்லாத மாலைப் பொழுதில் நண்பருடன் தெருவில் திரியும் இளைஞரின் உற்சாகத்தைக் கிற்றாரில் வார்த்தது. பிறையின் ஒலிப்பதிவு கண்ணாடி போலத் தெளிவானது. கிற்றாரின் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியே கேட்கும்.

இசைத் தொழிற் பத்திரிகைகள் அத்தட்டைப் புகழ்ந்து எழுதின. சில வானொலி நிலையங்கள் அதன் பாட்டுகளை ஒலிபரப்பின. ஆனால் கேட்டவர் கடைக்குச் சென்றபோது அங்கே தட்டு இல்லை. பத்தாயிரத்துக்கும் குறைவான பிரதிகளே அந்நாளில் விற்பனையாயின என்பர்.

இதன் காரணத்தைச் சற்று விரிவாக ஆராய்தல் தகும். ஆர்டென்ட் தன் பெயரில் தட்டுகளை வெளியிட்டபோதிலும், அவற்றைக் கடைகளுக்கு அனுப்பும் பொறுப்பு ஸ்டாக்ஸ் கம்பெனியிடம் இருந்தது. ஸ்டாக்ஸ், பல மாநிலங்களில் இருந்த தனி விநியோகஸ்தர்கள் வாயிலாகத் தன் தட்டுகளை விற்றது. சோல் இசையை விரும்புவோர் செல்லும் கடைகளோடு அதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு. வெள்ளையின மாணவர் கூடும் றொக் இசைக் கடைகளில் அத்தகைய செல்வாக்கு அதற்கு இல்லை. ஆகவே, பிக் ஸ்டாரின் தட்டு தன்னை விரும்பக்கூடியவர் இருக்கும் இடத்துக்குச் செல்லவில்லை.

அவ்வாண்டிலேயே ஸ்டாக்ஸ் கம்பெனி, நியூயோர்க் நகரின் பெருநிறுவனமாகிய கொலம்பியாவுடன் ஓர் ஒப்பந்தம் செய்தது. தட்டுகளை நாடெங்கும் அனுப்பும் பொறுப்பைக் கொலம்பியா ஏற்றது. இதனால் நன்மை விளையும் என்றே யாவரும் எண்ணினர். விளைந்தது வேறு. பழைய விநியோகஸ்தர் தம் தொடர்பை அறுத்துக்கொண்டனர். கடைகளில் இருந்த சில பிரதிகளும் திரும்பப் பெறப்பட்டன. கொலம்பியாவோ, தன்னிடம் ஏற்கெனவே இருந்த பெரும் பாடகரை விட்டு, மெம்பிஸ் நகரத்து முகமறியாத நால்வருக்காக முயற்சி எடுக்கவில்லை. ஒப்பந்தத்தை முன்னின்று செய்த கொலம்பியாவின் தலைவர் கிளைவ் டேவிஸ் 1973ஆம் ஆண்டு மே மாதம் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அதன்பின் இரு கம்பெனிகளுக்கும் இடையே பகைமையே வளர்ந்தது. பொப் இசைத்தட்டு மலர் போன்றது. வானொலியில் ஒலிக்கும் சில வாரங்களுக்குள் கடைக்கு வராவிட்டால் அதன் காலம் கழிந்துவிடும். அடுத்த வாரம் வேறு பாட்டு வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பவர் பொப் இசையை மக்கள் விரும்பவில்லை என்று கூறுவதற்கும் இடமில்லை. அதே 1972ஆம் ஆண்டில், ஒகாயோ மாநிலத்தைச் சேர்ந்த 'ராஸ்பெரீஸ்' என்னும் குழு ஏறத்தாழ இதே பாணியிற் பாடிய 'கோ ஓல் த வே' என்ற பாட்டு, அமெரிக்கப் பட்டியலில் ஐந்தாம் இடத்தை எட்டியது. அக்குழுவின் தட்டைக் கடைக்குக் கொண்டுசென்றது கப்பிட்டல் என்னும் பெருநிறுவனம். பாணி ஒன்றே, பாதையே வேறு. இங்கே ஒரு விந்தையையும் குறிப்பிடலாம். பிறையின் பள்ளித் தோழராகிய பிரெட் சிமித்தின் பெடரல் எக்ஸ்பிரஸ், 1973ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மெம்பிஸ் விமான நிலையத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தன் சேவையை ஆரம்பித்தது. எந்தப் பொதியையும் ஒரே இரவில் எந்த ஊருக்கும் சேர்க்கும் கலையை உலகுக்குக் காட்டிய நகரில், ஓர் இசைத்தட்டு மட்டும் கடைக்குப் போய்ச் சேரவில்லை.

இத்தோல்வி பெல்லின் உள்ளத்தைப் பெரிதும் தாக்கியது. தம் உயிரையே பெய்து உருவாக்கிய தட்டு கவனிப்பாரற்றுக் கிடந்ததையும், எழுதியவரெல்லாம் புகழ்பெற்ற சில்ற்றனையே குறித்து எழுதியதையும் அவரால் தாங்க இயலவில்லை. மனச்சோர்வும் போதைப் பொருளும் அவரை வாட்டின. நண்பருக்குள் பூசல் எழுந்தது. 1972ஆம் ஆண்டின் இறுதியில், தாம் தொடங்கிய குழுவை விட்டுப் பெல்லே நீங்கினார்.

குழு அத்துடன் முடிந்துவிடும் நிலையில் இருந்தது. 1973ஆம் ஆண்டு மே மாதம், நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் றொக் இசை விமர்சகர் நூற்றுக்கு மேற்பட்டோர் மெம்பிஸ் நகருக்கு அழைக்கப்பட்டனர். ஆர்டென்ட் நிலையத்தார் ஒழுங்குசெய்த அம்மாநாட்டில் எஞ்சிய மூவரும் மேடையேறி வாசித்தனர். எதற்கும் எளிதில் அசையாத விமர்சகர்கள் எழுந்து ஆடினர். அந்த வரவேற்பு மூவருக்கும் புத்துயிர் அளிக்க, இரண்டாவது தட்டுக்கு வேலை தொடங்கிற்று.

'ரேடியோ சிற்றி' என்னும் அத்தட்டு 1974ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்தது. செங்குருதி நிறமான கூரையின் நடுவே ஒரு வெறும் மின்குமிழ் தொங்கும் படம் அதன் அட்டையில் இருக்கிறது. வண்ண நிழற்படக் கலையிற் பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற மெம்பிஸ் கலைஞர் வில்லியம் எகிள்ஸ்டன் எடுத்த படம் அது. முதற்றட்டின் செப்பம் இதில் இல்லை. தாளம் தடுமாறுவது போலத் தோன்றி மீண்டும் கூடும். கிற்றார் எதிர்பாராத இடத்தில் வெட்டிச் செல்லும். அத்தடுமாற்றமே அதற்கு உயிர் கொடுத்தது. 'செப்டெம்பர் கேர்ள்ஸ்' என்ற பாட்டு அதில் உள்ளது. மூன்று நிமிடத்துக்குள் மகிழ்ச்சியையும் துயரத்தையும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகப் பின்னிய அப்பாட்டு, பவர் பொப் இசையின் சிகரம் எனப் பலராலும் கொள்ளப்படுகிறது. விமர்சகர் முன்னிலும் மிகுதியாகப் புகழ்ந்தனர். கொலம்பியாவும் ஸ்டாக்ஸும் தமக்குள் பிணங்கிக்கொண்டிருந்தமையால் இத்தட்டும் கடைகளை எட்டவில்லை. ஏறத்தாழ இருபதினாயிரம் பிரதிகளே விற்றன என்பர். ஹமல் தம் கல்லூரிப் படிப்பை முடிக்கச் சென்றுவிட்டார்.

எஞ்சிய சில்ற்றனும் ஸ்டீவன்ஸும் 1974இன் பிற்பகுதியில் மூன்றாவது தட்டைப் பதிவுசெய்தனர். ஜிம் டிக்கின்சன் என்ற மெம்பிஸ் இசைஞர் அதனை நெறிப்படுத்தினார். இம்முறை சில்ற்றன் வானொலிக்காகவோ கடைக்காகவோ பாடவில்லை. உடைந்த மனத்தின் முணுமுணுப்புப் போன்ற பாட்டுகள், வயலின்களின் நடுவே வந்து வந்து மறைந்தன. சில பாட்டுகள் முடிவடையாமலே நின்றுவிட்டன போலத் தோன்றும். மாதிரிப் பிரதிகளைக் கேட்ட கம்பெனிகள் அதனை வெளியிட மறுத்தன. 1975ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் ஸ்டாக்ஸ் கம்பெனியும் கடனில் மூழ்கி முறிந்தது. குழு அதற்கு முன்னரே கலைந்துவிட்டது.

பின்னர் அவர்கள் வாழ்ந்த வாழ்வும் கருதத்தக்கது. பெல் ஐரோப்பா சென்று, பிரான்சிலும் இலண்டனிலும் தம் பாட்டுகளுக்கு மெருகூட்டினார். பீற்றில்ஸ் குழுவின் ஒலிப்பதிவாளராகிய ஜெப் எமெரிக்கே அவற்றுட் சிலவற்றைக் கலந்து கொடுத்தார். ஆயினும் எக்கம்பெனியும் அவற்றை ஏற்கவில்லை. பெல் ஊர் திரும்பித் தம் தந்தையாரின் உணவுச்சாலையில் வேலை பார்த்தார். 1978இல், கிறிஸ் ஸ்டேமி என்னும் இளம் இசைஞர் தம் சிறு கம்பெனியின் மூலம் பெல்லின் 'ஐ ஆம் த கொஸ்மொஸ்' என்ற பாட்டைச் சிறு தட்டாக வெளியிட்டார். பெல் உயிரோடு இருந்தபோது அவர் பெயரில் வந்த தனித்தட்டு அது ஒன்றே. அவ்வாண்டு டிசெம்பர் 27ஆம் நாள் அதிகாலையில் அவர் செலுத்திய கார் மெம்பிஸ் தெருவொன்றில் மின்கம்பத்தில் மோதியது. பெல் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

விதியின் விளையாட்டாக, பிக் ஸ்டாரின் மறுபிறப்பும் அதே 1978ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. நான்கு ஆண்டுகளாக நாடாவில் உறங்கிய மூன்றாவது தட்டு அவ்வாண்டு வெளியாயிற்று. முதலிரு தட்டுகளும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு இங்கிலாந்தில் மீண்டும் விற்பனைக்கு வந்தன. ஒருவர் வாங்கிய தட்டைப் பத்துப் பேர் இரவல் பெற்றுக் கேட்டனர். கேட்டவருள் பலர் தாமே குழு அமைக்கும் இளைஞராய் இருந்தனர். ஜோர்ஜியா மாநிலத்தின் 'ஆர்.ஈ.எம்.', மினியாப்பொலிஸ் நகரின் 'றீப்பிளேஸ்மென்ற்ஸ்', ஸ்கொத்லாந்தின் 'ரீனேஜ் பான்கிளப்' ஆகிய குழுக்கள் பிக் ஸ்டாருக்குத் தாம் கடன்பட்டிருப்பதை வெளிப்படையாகக் கூறின. றீப்பிளேஸ்மென்ற்ஸ் குழு 1987இல் 'அலெக்ஸ் சில்ற்றன்' என்ற பெயரிலேயே ஒரு பாட்டை, அதே ஆர்டென்ட் நிலையத்திற் பதிவுசெய்து வெளியிட்டது. அதற்கு முந்திய ஆண்டில் 'பாங்கிள்ஸ்' என்ற மகளிர் குழு, இலட்சக்கணக்கில் விற்ற தம் தட்டொன்றில் 'செப்டெம்பர் கேர்ள்ஸ்' பாட்டைப் பாடியது.

இளைஞர் இவ்வாறு கொண்டாடிக்கொண்டிருந்த 1980களின் தொடக்கத்தில், சில்ற்றன் நியூ ஓர்லியன்ஸ் நகரில் உணவகமொன்றிற் பாத்திரம் கழுவி வாழ்ந்தார் என்பது பலருக்குத் தெரியாது. பின்னர் அவர் மீண்டும் மேடையேறினார். எனினும், பிக் ஸ்டாரைப் பற்றிப் பிறர் கூறும் பெரும் புகழுரைகளை அவர் என்றும் முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை.

இம்மறுமலர்ச்சியில் வானொலிக்கும் பங்கு உண்டு. 1974ஆம் ஆண்டில் நியூயோர்க்கை அடுத்த லோங் ஐலன்ட் பகுதியின் வானொலி நிலையமொன்று, மூவராய் எஞ்சியிருந்த குழுவின் இசையை நேரடியாக ஒலிபரப்பியது. அந்த ஒலிப்பதிவே 1992இல் தனித்தட்டாக வெளிவந்து, மேடையில் அவர்கள் எவ்வாறு வாசித்தனர் என்பதைப் பிற்காலத்தவர்க்குக் காட்டியது. பெல்லின் பாட்டுகளும் அவ்வாண்டிலேயே முதன்முறையாக முழுத்தட்டாயின. 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் மிசூரி பல்கலைக்கழகத்தில் பிக் ஸ்டார் மீண்டும் மேடையேறிற்று. அதற்கு அழைப்பு விடுத்தவர்கள் அப்பல்கலைக்கழகத்தின் வானொலி நிலையத்தை நடத்திய மாணவர்களேயாவர். சில்ற்றனும் ஸ்டீவன்ஸும், 'போசீஸ்' என்ற குழுவின் இளைஞர் இருவரைச் சேர்த்துக்கொண்டு வாசித்தனர். ஒருநாள் நிகழ்ச்சியாகத் தொடங்கிய அக்கூட்டு பதினாறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 2005இல் ஒரு புதிய தட்டும் அதிலிருந்து பிறந்தது.

1998இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆரம்பமான 'தற் செவன்ரீஸ் ஷோ' என்ற நகைச்சுவைத் தொடர், 'இன் த ஸ்ட்ரீற்' பாட்டைத் தன் முகப்பிசையாக ஏற்றது. பாடியவர் வேறொருவர்; பாட்டு பிக் ஸ்டாருடையது. 1972இல் பத்தாயிரம் பேர்கூட வாங்காத பாட்டு, கோடிக்கணக்கான இல்லங்களில் வாரந்தோறும் ஒலித்தது. அவருட் பெரும்பாலோர் அதை இயற்றியவர் பெயரை அறியார். 'றோலிங் ஸ்டோன்' பத்திரிகை 2003இல் வெளியிட்ட தலைசிறந்த 500 தட்டுகளின் வரிசையில், பிக் ஸ்டார் 1970களில் பதிவுசெய்த மூன்று தட்டுகளும் இடம்பெற்றன.

சில்ற்றன் 2010ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் நியூ ஓர்லியன்ஸ் நகரில் மாரடைப்பினாற் காலமானார். மூன்று நாட்களில் டெக்சஸ் மாநிலத்து ஓஸ்டின் நகரில் நடைபெறவிருந்த பிக் ஸ்டார் நிகழ்ச்சி அவருக்கு அஞ்சலிக் கூட்டமாக மாறிற்று. இசையை விட்டு வானூர்தித் தொழிலிற் பொறியியலாளராகப் பணிபுரிந்த ஹமலும் அவ்வாண்டு ஜூலை மாதம் மறைந்தார். நால்வருள் முரசு வாசித்த ஸ்டீவன்ஸ் ஒருவரே எஞ்சினார். அவர் ஆர்டென்ட் நிலையத்திலேயே நெடுங்காலம் பணியாற்றியவர். அவ்வாண்டின் இறுதியில், பெல்லின் பாட்டை வெளியிட்ட அதே கிறிஸ் ஸ்டேமி, வயலின் முதலிய வாத்தியக்காரர் பலரைத் திரட்டி, ஒரு காலத்தில் எவரும் வாங்க மறுத்த மூன்றாவது தட்டை வட கரோலினா மாநிலத்தில் முழுமையாக அரங்கேற்றினார். ஸ்டீவன்ஸ் அதில் முரசு வாசித்தார். அந்நிகழ்ச்சி பின்னர் வேறு நகரங்களிலும் நடைபெற்றது.

இவ்வரலாற்றை நோக்குமிடத்து, குற்றம் முழுவதும் வணிகத்தையே சாரும் எனக் கூறுதல் நடுநிலையாகாது. குழுவினர் ஊரூராய்ச் சென்று மேடையேறியது குறைவு. தமக்குள் பிணங்கினர், பொறுமையிழந்தனர். ஆயினும், தட்டு கடையில் இருந்திருந்தால் அப்பிணக்குகளில் எத்தனை எழுந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பெல்லை வருத்தியது பாட்டு தோற்றமை அன்று, பாட்டு கேட்கப்படாமையே. மக்கள் கேட்டுவிட்டு வேண்டாமென்று தள்ளிய கலைஞனுக்கு, தன் குறையை அறிந்து திருத்திக்கொள்ளும் வாய்ப்பாவது உண்டு. கேட்கப்படாதவனுக்கு அதுவும் இல்லை.

நல்ல பாட்டு ஒரு நாள் வென்றே தீரும் என்று கூறி ஆறுதல் அடைவது எளிது. பிக் ஸ்டாரின் பாட்டு வென்றது உண்மையே. அவ்வெற்றி தானாக வந்தது அன்று. நாடாக்களை எறிந்துவிடாமற் காத்த பிறை, கைப்பணத்தைச் செலவிட்டுச் சிறுதட்டு வெளியிட்ட ஸ்டேமி, தம் ஆசானின் பெயரை மறைக்காமற் கூறிய இளம் இசைஞர்கள், பழைய தட்டைத் தேடியெடுத்து ஒலிபரப்பிய மாணவர்கள் ஆகியோர் அறுந்த சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாக மீண்டும் பூட்டினர். குடத்துள் எரிந்த விளக்கை வெளியே எடுத்து வைத்தவர்கள் அவர்களே. அவ்வொளியைக் காண்பதற்குக் கிறிஸ் பெல் இருக்கவில்லை. காலந் தாழ்த்தி வரும் புகழ் பாட்டைக் காப்பாற்றுகிறது, பாடியவனைக் காப்பாற்றுவதில்லை. நல்லதென்று தோன்றிய ஒரு பாட்டை அதைப் பாடியவர் வாழும் நாளிலேயே விலைகொடுத்து வாங்குவதும், அவர் பெயரை நாலு பேரறியச் சொல்வதும் கேட்பவர் செய்யக்கூடிய சிறு கைம்மாறு ஆகும்.